ஓட்டையின்றி ஒழுகும் காற்று: ரப்பர்ப் படலங்களில் வாயுக்களின் விரவல்

மிதிவண்டி டியூபில் பஞ்சர் எதுவும் இல்லை, வால்வும் பழுதில்லை, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பார்த்தாலும் ஒரு குமிழிகூட எழுவதில்லை. ஆயினும் சில வாரங்கள் ஓட்டாமல் நிறுத்திவைத்த வண்டியின் சக்கரம் தளர்ந்து போகிறது. ரப்பரில் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் உள்ளன, அவற்றின் வழியே காற்று கசிகிறது என்று இதற்குப் பொதுவாகக் காரணம் சொல்லப்படுகிறது. கேட்டவுடன் பொருத்தமாகத் தோன்றும் இவ்விளக்கம் தவறானது. செம்மையாகச் செய்யப்பட்ட ரப்பர்ப் படலத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை செல்லும் துளை என ஒன்று கிடையாது. வாயு அப்படலத்தின் ஒரு பரப்பில் கரைந்து, உள்ளே மூலக்கூறு மூலக்கூறாக நகர்ந்து, மறுபரப்பை அடைந்ததும் கரைசலிலிருந்து விடுபட்டு வெளியேறுகிறது. குளத்து நீரில் ஆக்சிஜன் எவ்வாறு கரைந்திருக்கிறதோ அவ்வாறே ரப்பரிலும் அளந்தறியத்தக்க அளவில் அது கரைகிறது என்பதும், திண்மம் போலத் தோன்றும் ரப்பர் வாயுக்களைப் பொறுத்தவரை ஒரு நீர்மம் போலவே நடந்துகொள்கிறது என்பதும் இச்சொற்பொழிவு விளக்க முற்படும் உண்மைகளாகும்.

இவ்வுண்மை எளிதில் கிட்டியதன்று. துளைகளின் வழியே வாயு செல்லும் முறையை முதலில் வகுத்துக் கூறியவரே, ரப்பர் அம்முறைக்கு அடங்காதது என்பதையும் பின்னர் நிலைநாட்டினார். கிளாஸ்கோவில் 1805-இல் பிறந்த தாமஸ் கிரஹாம் என்னும் வேதியியலர், கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சாந்தினால் அடைத்து, அச்சாந்தின் நுண்துளைகள் வழியே பல்வேறு வாயுக்கள் எத்துணை விரைவில் வெளியேறுகின்றன என அளந்தார். வாயு விரவும் வேகம் அதன் அடர்த்தியின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் அமைகிறது என்று அவர் கண்ட முடிவே பள்ளிப் பாடநூல்களில் கிரஹாமின் விரவல் விதி எனப் பயிலப்படுகிறது. மூலக்கூறு எடை 2 கொண்ட ஹைட்ரஜன், மூலக்கூறு எடை 32 கொண்ட ஆக்சிஜனைப் போல நான்கு மடங்கு வேகத்தில் செல்ல வேண்டும். மூலக்கூறு எடை 44 கொண்ட கார்பன் டை ஆக்சைடு ஆக்சிஜனைவிடச் சற்றுப் பின்தங்கி, அதன் வேகத்தில் 85 விழுக்காட்டளவே செல்ல வேண்டும். ரப்பரில் நுண்துளைகளே வழி என்றால் இக்கணக்கு அங்கும் பொருந்தியாக வேண்டும். ஆனால் இயற்கை ரப்பரின் வழியே கார்பன் டை ஆக்சைடு ஆக்சிஜனைவிட ஐந்து மடங்குக்கு மேல் விரைவாகவும், மிகச் சிறியதும் மிக இலேசானதுமான ஹீலியத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாகவும் கடந்து செல்கிறது. எடை மிகுந்தது முந்துகிறது, எடை குறைந்தது பிந்துகிறது; துளைக் கொள்கையால் இதற்கு விடை கூற இயலாது.

இம்முரண்பாட்டை முதலில் கண்ணுற்றவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து மருத்துவர் ஜான் கியர்ஸ்லி மிட்செல். ஈதரில் ஊறவைத்து மென்மையாக்கிய ரப்பரை ஊதி மெல்லிய பலூன்களாக்கிய அவர், ஹைட்ரஜன் நிரப்பிய பலூன்கள் சிறிது காலத்தில் கீழே இறங்கிவிடுவதன் காரணத்தைத் தேடினார். 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் பல வாயுக்களை ரப்பர்ப் படலத்தின் வழியே செலுத்தி, ஒரே அளவு வாயு கடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை ஒப்பிட்டபோது, அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனை முந்திச் செல்வதைக் கண்டார். கார்பன் டை ஆக்சைடில் விட்டுவைத்த ரப்பர்த் துண்டு அவ்வாயுவை உள்வாங்கிக்கொள்கிறது என்பதையும் அவர் குறித்துவைத்தார். விடைக்கான திறவுகோல் அக்குறிப்பிலேயே இருந்தது. எனினும் அதை எடுத்துப் பயன்படுத்த ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று.

1866-இல் கிரஹாம் மீண்டும் இப்பொருளுக்கு வந்தார். அப்போது அவர் இலண்டனில் அரசு நாணயச்சாலையின் தலைவராக இருந்தார். பாதரசம் துளித்துளியாக விழும்போது காற்றையும் உடன் இழுத்துச் செல்லும் ஸ்பிரெங்கல் வெற்றிடப் பம்பு அதற்கு முந்தைய ஆண்டுதான் அறிமுகமாகியிருந்தது. மெல்லிய ரப்பர் பூசிய துணிப்பையின் உட்புறத்தை அப்பம்பினால் வெற்றிடமாக்கி, வெளிக்காற்று ரப்பரின் ஊடே உள்ளே வருமாறு விட்டு, வந்து சேர்ந்ததைத் திரட்டி ஆராய்ந்தபோது, அதில் ஆக்சிஜன் 41.6 விழுக்காடு இருந்தது. சாதாரணக் காற்றில் 21 விழுக்காடே உள்ள ஆக்சிஜன், ஒரு படலத்தைக் கடந்த அளவிலேயே இருமடங்கு செறிவடைந்துவிட்டது. அணையும் தறுவாயில் கனன்றுகொண்டிருந்த மரக்குச்சி அவ்வாயுவில் மீண்டும் பற்றி எரிந்தது. வெப்பமூட்டாமலும் வேதிவினை எதுவுமின்றியும் காற்றைப் பகுத்துக்காட்டிய இச்சோதனை, இன்று உலகெங்கும் தொழிற்சாலைகளில் இயங்கும் படலப் பிரிப்பு முறைகள் அனைத்திற்கும் மூலமாகக் கருதத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய சோதனைகளுள் ஒன்றாக இதனை வைத்து எண்ணாதது வேதியியல் வரலாற்று நூல்களின் குறை என்றே சொல்ல வேண்டும்.

கிரஹாமின் அளவீடுகளின்படி, நைட்ரஜனின் வேகத்தை 1 எனக் கொண்டால் ஆக்சிஜன் 2.556, ஹைட்ரஜன் 5.5, கார்பன் டை ஆக்சைடு 13.585 என்னும் வேகங்களில் ரப்பரைக் கடந்தன. இவ்வெண்கள் அவர் தாமே கண்ட விரவல் விதியோடு எவ்வகையிலும் ஒத்துப்போகவில்லை. தம் விதியைக் காப்பாற்றுவதற்காகப் புதுவகைத் துளைகளை அவர் கற்பிக்கவில்லை. ரப்பரில் துளையே இல்லை என்றும், வாயு முதலில் அதனுள் நீர்மம் போலக் கரைந்து, பின்னர் ஊடே பரவி, மறுபுறம் ஆவியாகிறது என்றும் தெளிவாக எழுதினார். கரைதலும் விரவுதலும் இணைந்த இக்கொள்கை இன்றளவும் அடிப்படை மாறாமல் நிற்கிறது.

இவ்விரு படிகளையும் தனித்தனியே அளந்தால்தான் முரண்பாடு தீரும். 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், 1 கன சென்டிமீட்டர் இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 0.9 கன சென்டிமீட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைகிறது, ஆக்சிஜன் 0.11, நைட்ரஜன் 0.055, ஹைட்ரஜன் 0.037, ஹீலியம் 0.011 கன சென்டிமீட்டர் மட்டுமே கரைகின்றன. எந்த வாயு எளிதில் நீர்மமாகக் கூடியதோ அது மிகுதியாகக் கரைகிறது என்பதே இவ்வரிசையின் உட்பொருள். ஒரு வாயுவை அழுத்தத்தால் மட்டும் நீர்மமாக்கக்கூடிய உச்ச வெப்பநிலை மாறுநிலை வெப்பநிலை எனப்படும். கார்பன் டை ஆக்சைடுக்கு அது 31 பாகை. ஆக்சிஜனுக்கு சுழிக்குக் கீழே 118 பாகை. ஹீலியத்திற்கோ சுழிக்குக் கீழே 268 பாகை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் ஈர்ப்பு மிகுந்த வாயுவே ரப்பரின் சங்கிலிகளையும் பற்றிக்கொண்டு அதனுள் தங்குகிறது.

உள்ளே நுழைந்தபின் நகரும் வேகம் வேறு அடிப்படையில் அமைகிறது. ரப்பர் என்பது ஆயிரக்கணக்கான ஐசோப்ரீன் அலகுகள் கோத்த நெடுஞ்சங்கிலிகளின் பிணைப்பு. கந்தகத்தால் ஆங்காங்கே முடிச்சிடப்பட்டிருப்பினும், முடிச்சுகளுக்கு இடைப்பட்ட பகுதிகள் அறை வெப்பநிலையில் ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கின்றன. அந்நெளிவினால் சங்கிலிகளுக்கிடையே ஒரு மூலக்கூறு அமரத்தக்க சிறு வெளிகள் நொடிக்கு நொடி தோன்றி மறைகின்றன. தேரோட்ட நாளில் நெருங்கி நிற்கும் கூட்டத்தினர் அசையும்போது விலகும் இடைவெளியில் சிறுவன் சட்டென்று புகுந்து முன்னேறுவதும், பருத்த உடலினர் பெரிய இடைவெளிக்காகக் காத்து நிற்பதும் போல, சிறிய மூலக்கூறு அடிக்கடி தாவுகிறது, பெரிய மூலக்கூறு அரிதாகத் தாவுகிறது. இந்த நகர்ச்சியின் அளவே விரவல் கெழு. இயற்கை ரப்பரில் ஹீலியத்தின் விரவல் கெழு கார்பன் டை ஆக்சைடினதைப் போல ஏறத்தாழ 20 மடங்கு. ஆயினும் ஹீலியம் கரையும் அளவு அதனினும் 80 மடங்கு குறைவு. ஆக, விரைந்து ஓடும் ஹீலியம் மிகச் சிலவாகவும், மெல்ல நகரும் கார்பன் டை ஆக்சைடு மிகப் பலவாகவும் படலத்தினுள் இருப்பதால், மொத்தத்தில் பின்னது நான்கு மடங்கு முந்திவிடுகிறது. ஊடுருவுதிறன் என்பது கரைதிறனும் விரவல் கெழுவும் சேர்ந்த பெருக்கற்பலன்; இப்பெருக்கலை மறந்து மூலக்கூறின் பருமனை மட்டும் நோக்குவோர் ரப்பரின் நடத்தையை ஒருபோதும் சரியாகக் கணிக்க முடியாது.

இப்பெருக்கலுக்குக் கணித வடிவம் தந்தவர் போலந்து நாட்டு இயற்பியலர் சிக்மண்ட் ரோப்லெவ்ஸ்கி. செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குச் செல்லும் பாய்வு அச்செறிவுச் சரிவுக்கு நேர்விகிதத்தில் அமையும் என்று அடால்ஃப் ஃபிக் 1855-இல் கூறியிருந்தார். கரையும் வாயுவின் அளவு அதன் அழுத்தத்திற்கு நேர்விகிதம் என்னும் ஹென்றி விதியோ அதனினும் பழையது. இரண்டையும் இணைத்து, படலத்தின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டிற்கு நேர்விகிதத்திலும், தடிமனுக்கு எதிர்விகிதத்திலும் வாயு கடக்கும் என்று ரோப்லெவ்ஸ்கி 1879-இல் காட்டினார். இங்கு அழுத்தம் என்பது கலவையின் மொத்த அழுத்தம் அன்று; ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய பகுதி அழுத்தத்தின் வேறுபாட்டிற்கேற்பத் தன்போக்கில் செல்கிறது. காற்று நிரப்பிய பலூனைக் கார்பன் டை ஆக்சைடு நிறைந்த கலத்தினுள் வைத்தால் அது மேலும் பருப்பதற்கு இதுவே காரணம்: உள்ளே மொத்த அழுத்தம் மிகுந்திருந்தும், கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் வெளியில்தான் மிகுதி.

இவ்வுண்மையின் கடுமையை முதல் உலகப் போர்க்கால வானூர்திக் கப்பல்கள் உணர்த்தின. ரப்பர் பூசிய பருத்தித் துணிப்பைகளில் அடைத்த ஹைட்ரஜன் வெளியேறுவது ஒருபுறமிருக்க, வெளிக்காற்று உள்ளே விரவுவதே பெருங்கவலையாயிற்று. தூய ஹைட்ரஜன் தானே எரியாது. காற்றுடன் கலந்து 4 முதல் 75 விழுக்காடு வரையிலான செறிவில் இருக்கும்போதே அது தீப்பற்றும். துணியின் ஊடுருவுதிறனை அளப்பது இவ்வாறு உயிர்காக்கும் பணியானது. பர்மிங்ஹாமில் ஷேக்ஸ்பியர் என்னும் இயற்பியலர், வாயுக்களின் வெப்பக் கடத்துதிறன் வேறுபாட்டைக் கொண்டு ஹைட்ரஜனை அளவிடும் கருவியை இதற்கெனப் பயன்படுத்தினார். அவருடன் பணியாற்றிய டேய்ன்ஸ், 1920-இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் அழகிய உண்மையை எடுத்துக்காட்டினார். படலத்தின் ஒருபுறம் வாயுவைச் செலுத்தியவுடன் மறுபுறம் அது தோன்றுவதில்லை. படலம் நிரம்பி, நிலையான பாய்வு ஏற்படச் சிறிது நேரம் பிடிக்கிறது. இத்தாமத நேரம் தடிமனின் வர்க்கத்தை விரவல் கெழுவின் ஆறு மடங்கால் வகுத்தால் கிடைப்பது. 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள இயற்கை ரப்பரில் ஹைட்ரஜனுக்கு இது மூன்று நிமிடத்திற்குள் அடங்கும். ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும். ஒரே சோதனையில் தாமத நேரத்திலிருந்து விரவல் கெழுவையும், நிலைத்த பாய்விலிருந்து ஊடுருவுதிறனையும், இரண்டையும் வகுத்துக் கரைதிறனையும் பெற்றுவிடலாம். நியூசிலாந்தில் பிறந்த ரிச்சர்ட் பேரர் இம்முறையை 1930களின் இறுதியில் பல வகை ரப்பர்களுக்கு விரித்துச் செய்தார். ஊடுருவுதிறனின் அலகு இன்று அவர் பெயராலேயே பேரர் என வழங்குகிறது.

ஆய்வுக்கூடத்திலிருந்து டயருக்கு வந்தால், பியூட்டைல் ரப்பரின் கதை தனியே நின்று நோக்கத்தக்கது. 1937-இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தில் வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் ஆகிய இருவரும் ஐசோபியூட்டிலீனுடன் சிறிதளவு ஐசோப்ரீன் சேர்த்து இதனை உருவாக்கினர். இதன் வழியே ஆக்சிஜன் கடப்பது இயற்கை ரப்பரில் கடப்பதைவிட ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே. இத்துணை வேறுபாட்டிற்குக் காரணம் கரைதிறன் என எண்ணத் தோன்றும். அளந்து பார்த்தால் ஆக்சிஜனும் நைட்ரஜனும் இரு ரப்பர்களிலும் ஏறக்குறைய ஒரே அளவே கரைகின்றன. வேறுபாடு முழுவதும் விரவல் கெழுவில் இருக்கிறது. பியூட்டைல் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த கார்பன் அணுக்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு மெத்தில் தொகுதிகள் நெருங்கிப் பொருந்தியுள்ளன; சங்கிலி நெளிவது மந்தமாகிறது; தாவுவதற்கேற்ற வெளி அரிதாகத் தோன்றுகிறது. முன்னர்க் கூறிய அதே 1 மில்லிமீட்டர் படலம் பியூட்டைலால் ஆனதாயின், ஆக்சிஜனுக்குரிய தாமத நேரம் 17 நிமிடத்திலிருந்து ஆறு மணி நேரத்தை நெருங்குகிறது. பந்தய மிதிவண்டிகளின் லேட்டெக்ஸ் (இயற்கை ரப்பர்) டியூபுக்கு அன்றாடம் காற்றடிக்க வேண்டியிருப்பதும், கடைகளில் கிடைக்கும் கறுப்பு பியூட்டைல் டியூப் வாரக்கணக்கில் தாங்குவதும் இதனால்தான். டியூப்லெஸ் டயரின் உட்புறத்தில் ஒட்டப்படும் இன்னர்லைனர் என்னும் படலமும் இவ்வினத்தைச் சேர்ந்த ரப்பரே. சென்னைத் திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கிப் பின்னர் டயர்த் தொழிலுக்கு மாறிய எம்.ஆர்.எப். நிறுவனத்தின் வரலாற்றில், வாயுவைச் சில மணி நேரம் பிடித்துவைக்கும் பொருளும் மாதக்கணக்கில் பிடித்துவைக்க வேண்டிய பொருளும் அடுத்தடுத்து வந்தன என்பது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

டயரில் நைட்ரஜன் நிரப்புவது பற்றியும் இங்கு ஒரு சொல் உரைப்பது தகும். ஆக்சிஜன் ரப்பரை நைட்ரஜனைவிட மூன்று, நான்கு மடங்கு விரைவில் கடப்பதால், காற்றடித்த டயரிலிருந்து வெளியேறுவதில் ஏறத்தாழ பாதி ஆக்சிஜனாகவே இருக்கிறது. குறைந்த அளவைக் காற்றால் நிரப்ப நிரப்ப, உள்ளே எஞ்சுவது நைட்ரஜன் மிகுந்த கலவையாகத் தானே மாறுகிறது. அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் ஓராண்டுக் காலம் நடத்திய சோதனையில், காற்று நிரப்பிய டயர்கள் சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ. அழுத்தத்தையும் நைட்ரஜன் நிரப்பியவை 2.2 பி.எஸ்.ஐ. அழுத்தத்தையும் இழந்தன. நன்மை உண்டு, ஆனால் அது சிறிது. மாதம் ஒரு முறை அழுத்தத்தைச் சரிபார்ப்பவருக்கு நைட்ரஜனுக்கென்று தனிச் செலவு தேவையில்லை. வெப்பநிலையின் விளைவே இதனினும் பெரிது: வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் சங்கிலிகளின் நெளிவு மிகுந்து, இயற்கை ரப்பரில் ஆக்சிஜனின் ஊடுருவுதிறன் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது.

வாயுவைத் தடுக்கும் ரப்பருக்கு நேர் எதிர்முனையில் நிற்பது சிலிக்கோன் ரப்பர். சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்த அதன் முதுகெலும்பு மிக எளிதில் வளையக்கூடியது. சுழிக்குக் கீழே 120 பாகையை நெருங்கும் குளிரிலும் அது கண்ணாடி நிலைக்கு மாறுவதில்லை. அதன் வழியே ஆக்சிஜன் 600 பேரர் அளவிலும், கார்பன் டை ஆக்சைடு அதனைப் போல ஐந்து மடங்களவிலும் கடக்கின்றன. இயற்கை ரப்பரில் ஆக்சிஜனின் அளவு 24 பேரர் என்பதை ஒப்பிட்டால் இதன் பெருமை விளங்கும். நுரையீரல் செயலிழந்த நோயாளியின் குருதியை உடலுக்கு வெளியே கொணர்ந்து ஆக்சிஜன் ஏற்றும் கருவிகளுக்கு, தியோடர் கோலபோவ் 1960களில் சுருட்டிய சிலிக்கோன் படலத்தைத் தேர்ந்தெடுத்தார். கார்பன் டை ஆக்சைடின் ஐந்து மடங்கு வேகம் இங்கே வெறும் எண் அன்று. சிரைக் குருதியில் அதன் பகுதி அழுத்தம் 45 மில்லிமீட்டர் பாதரச அளவே. அச்சிறு அழுத்தமே அதனை வெளியே தள்ள வேண்டும். ஆக்சிஜனை உள்ளே தள்ளவோ 700 மில்லிமீட்டர் வரை அழுத்த வேறுபாடு கிடைக்கிறது. இவ்வேறுபாட்டைப் படலத்தின் இயல்பே ஓரளவு ஈடுசெய்கிறது. எக்மோ எனப்படும் இந்நாளைய இவ்வகைக் கருவிகளில் சிலிக்கோனின் இடத்தைப் பாலிமெத்தில்பென்டீன் இழைகள் பெற்றுவிட்டன. கரைந்து கடக்கும் நெறி மட்டும் மாறவில்லை. குருதி நாளங்கள் இல்லாத விழிவெண்படலம் தனக்கு வேண்டிய ஆக்சிஜனை நேரே காற்றிலிருந்து பெறுவதால், 1999 முதல் விற்பனைக்கு வந்த சிலிக்கோன் ஹைட்ரோஜெல் காண்டாக்ட் லென்சுகளும் இந்நெறியின் பயனே ஆகும்.

தொழிற்சாலைப் பிரிப்புக்கு ரப்பரைவிட, விறைப்பான கண்ணாடி நிலைப் பாலிமர்களே பெரும்பாலும் ஏற்றவை. அவற்றில் சங்கிலிகள் ஏறக்குறைய உறைந்து நிற்பதால் மூலக்கூறின் பருமன் வேறுபாடு கடுமையாக வடிகட்டப்படுகிறது. ஆனால் மைக்ரோமீட்டருக்கும் குறைந்த தடிமனில் அவற்றைச் செய்யும்போது ஆங்காங்கே உண்மையான ஓட்டைகள் விழுந்துவிடுகின்றன. மான்சாண்டோ நிறுவனத்தின் ஹெனிஸ், திரிப்போடி ஆகிய ஆய்வாளர்கள் பாலிசல்போன் இழைகளின்மீது சிலிக்கோன் ரப்பரைப் பூசி அவ்வோட்டைகளை அடைத்தனர். வாயு எளிதில் கடக்கும் ரப்பர் என்பதால் இழையின் வேகம் பெரிதும் குறையவில்லை. துளை அடைபட்டதால் பிரிக்கும் ஆற்றல் மீண்டது. அம்மோனியா ஆலைகளில் வீணாகும் ஹைட்ரஜனை மீட்க இவ்விழைகள் 1980-ஐ ஒட்டிப் பயன்பாட்டுக்கு வந்தன. துளைக்கும் கரைசலுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடக் கூர்மையாகக் காட்டும் சான்று வேறில்லை.

இவ்வளவும் மேல்நிலை வகுப்பு மாணவர் தம் கண்ணாலேயே காணக்கூடியவை. சிறு புட்டியில் 100 மில்லிலிட்டர் வினிகரை ஊற்றி, 5 கிராம் சமையல் சோடாவைச் சேர்த்தால் ஒரு லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும். அதனை ஒரு பலூனில் நிரப்பி, அதே பொட்டலத்திலிருந்து எடுத்த மற்றொரு பலூனைக் கைப்பம்பினால் அதே பருமனுக்குக் காற்றடித்து, இரண்டின் சுற்றளவையும் நூலால் மணிக்கொருமுறை அளந்து எழுதிவந்தால் போதும். வாயால் ஊதலாகாது, மூச்சிலேயே கார்பன் டை ஆக்சைடு 4 விழுக்காடு உண்டு. மறுநாள் காலையில் எந்தப் பலூன் சுருங்கியிருக்கிறது என்பதை அளவுகோலின்றியே சொல்லிவிடலாம். விரவல் விதியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், கணக்குகளைப் போடச் சொல்வதோடு நிறுத்தாமல், அவ்விதி தோற்கும் இச்சோதனையையும் அதே வாரத்தில் மாணவரைக் கொண்டு செய்விக்க வேண்டும். விடையை முன்கூட்டிச் சொல்லாமல், காரணத்தை முதலில் அவர்களே தேடும்படி விட வேண்டும்.